ஹாஃப் கிளட்ச் அக்காவின் டர்போ

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அவளிடம் திட்டு வாங்கியவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் சுவரில் அவள் பெயர், படம், பயிற்சியாளர் உரிமம் எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கத்தான் செய்தன. யார் அதை நிமிர்ந்து பார்த்தது? எல்லோருக்கும் அவள் ஹாஃப் கிளட்ச் அக்கா. மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடிக்க வேண்டும். அந்தப் பாதியை மனுஷர்களுக்குப் புரிய வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிடும். ஸ்கூல் முற்றத்தில் இதற்கென்றே ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. பின் டயரை ஒட்டி ஒரு தண்ணீர் பாட்டிலை வைப்பாள். பாட்டில் நசுங்கினால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார். வக்கீலானாலும் சரி, வாத்தியாரானாலும் சரி, "காலா அது, உலக்கையா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பாட்டிலை வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் சொந்தக் கார் மேடு ஏறாது.

கேட்டால் சிரிப்பு வருகிறது அல்லவா? அதனால்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூலுக்குப் புது வண்டிகள் வந்தபோது முதலாளி கழித்துக் கட்டிய பழைய டீசல் கார் அது. நீளமான மூக்கு, வெளுத்துப்போன நீலம், கதவைச் சாத்தினால் பீரோ சாத்திய சத்தம். சமதரையில் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. தெரு சுற்றிச் சுற்றி ஏறும். கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவரை ஒட்டிச் சட்டென்று திரும்பி, செங்குத்தாக நிமிரும். அந்த வளைவு வரை எப்படியோ வந்துவிடும் கார், அங்கே மூச்சு வாங்கும், இருமும், நின்றுவிடும். ஆள் ஏறியிருந்தால் அவ்வளவுதான். ஹாஃப் கிளட்ச் என்ன, முழு கிளட்ச் பிடித்தாலும் நகராது. எல்லோரும் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

மேலே பால்கனியில் சம்பந்தியம்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதுதான் அவளுக்குத் தாங்க முடியாதது. சம்பந்தியம்மா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். கொலைக் குற்றவாளி அழுதாலும் வக்கீல் ஜோக் அடித்தாலும் முகத்தில் ஒரு கோடு மாறாமல் எழுதிப் பழகியவள். அந்த முகம் மேலேயிருந்து பார்க்கிறது என்றாலே ஹாஃப் கிளட்ச் அக்காவுக்கு உள்ளங்கால் கூசும். "வண்டியைக் கீழயே விட்டுட்டோம் சம்பந்தி, நடந்தா உடம்புக்கு நல்லது பாருங்க," என்பாள் மூச்சிரைக்க. இன்னொரு தடவை, "கீழ நல்ல நிழலுங்க," என்பாள். மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். மகளும் அம்மாவுக்கு நடக்க ரொம்பப் பிடிக்கும் என்று மாமியாரிடம் சாதித்துவிட்டாள். சம்பந்தியம்மா "அப்படியா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இப்படி இருக்கையில்தான் காரின் டர்போ விசில் அடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை வேறு. மெக்கானிக் அவளிடம் படித்தவன்தான். அந்தக் காலத்தில் நிறைய பாட்டில் நசுக்கியவன். டர்போவைக் கழற்றி மேசைமேல் வைத்து, நடுத்தண்டை விரலால் ஆட்டிக் காட்டினான். அது விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"போச்சுக்கா. ஆயில் உள்ள ஒழுகுது."

"இது என்ன பண்ணுது தம்பி, மொதல்ல? இத்தனை வருஷமா ஓட்டறேன், மூடியைத் திறந்து பார்த்ததோட சரி."

அவன் உற்சாகமாகிவிட்டான். எஞ்சின் வெளியே விடும் புகை இந்தப் பக்கச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் இன்னும் அதிக டீசல் எரியும், இழுவை கூடும். கழிவுப் புகையில் ஓசியாக வேலை வாங்குகிற சாமர்த்தியம். அவளுக்கு அந்த ஓசி விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது.

"அப்போ இதையே பெருசாப் போட்டா?"

மெக்கானிக் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். "போடலாம்," என்றான்.

அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியின் முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் போகப் போகிறார்கள். பரிசு ஓர் ஆடும் மரக்குதிரை, அதைக் காரின் கூரைமேல் கட்டியாக வேண்டும். அந்தக் குதிரையோடு, அத்தனை பேரும் உட்கார்ந்தபடி, அந்த வளைவைத் தாண்டி, சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஒருவரும் இறங்கக் கூடாது, ஒருவருக்கும் மூச்சிரைக்கக் கூடாது. அதை நினைத்தவுடன் தெருவில் தனியாகச் சிரித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

கொழுந்தனிடம் சொன்னதுதான் தப்பு. செல்போன் கடையில் வேலை. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்ப்பான். "அண்ணி, லாரி டர்போ போடுங்க," என்றான் எடுத்த எடுப்பிலேயே. "பூசணிக்காய் சைஸ்ல இருக்கும். போட்டா வண்டி ஏறாது அண்ணி, பறக்கும்!"

"பறந்தா எப்படிடா வாசல்ல நிறுத்தறது?" என்றார் அவள் கணவர். அவர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். மணல் லாரி, இரும்பு லாரி எல்லாம் ஏறி நிற்க, எடை சொல்லி அனுப்புவார். எதையும் எடை போடாமல் பேச மாட்டார்.

"என்னங்க, நீங்க என்னதான் சொல்றீங்க?"

"எவ்வளவு இழுக்கணும்னு தெரியாம எதை வாங்கறது? நாளைக்கு வண்டியோட எல்லாரும் மேடைக்கு வாங்க."

போனார்கள். சொன்னால் நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் போனார்கள். ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவள், கணவர், கொழுந்தன், கொழுந்தனின் மனைவியான ஓரகத்தி, கூரைமேல் மரக்குதிரை. டர்போ இல்லாத கார் புகைந்துகொண்டே எடைமேடையில் ஏறி நின்றது. லாரி டிரைவர்கள் டீயைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். சிவப்பு எண்கள் ஓடப்போகிற நேரத்தில் ஓரகத்தி கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"நான் எறங்கினப்புறம் போடுங்க மாமா."

"நீயும் சேர்ந்துதானம்மா போகப்போற?"

"போவேன். ஆனா எடை மட்டும் நான் இல்லாம போடுங்க."

அவளைக் கெஞ்சி ஏற்றினார்கள். எடை விழுந்தது. அவள் இறங்கி நின்ற நேரத்திலேயே அவள் இல்லாத எடையையும் ரகசியமாகக் குறித்துவிட்ட எடைமேடைக்காரர், கழித்துப் பார்த்து விடை தெரிந்துகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கொழுந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கனத்தைக் கேட்டதும் மெக்கானிக் தலையைச் சொறிந்தான். மேசைமேல் மூன்று டர்போ வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று, அவளுடையதைப் போலவே, பழுது பார்த்துப் புதுப்பித்தது. இன்னொன்று, கொழுந்தன் எங்கிருந்தோ பிடித்து வந்த பூசணிக்காய். நடுவில் ஒன்று, பார்வைக்குப் பழையதைப் போலத்தான் இருந்தது.

"இது நானே கோத்தது. புகைப் பக்கம் அதே சின்னச் சக்கரம், காத்துப் பக்கம் மட்டும் ஒரு சுத்து பெருசு. சீக்கிரம் முழிச்சுக்கும், கொஞ்சம் கூடவே தள்ளும். உங்களுக்கு இதுதான்க்கா."

அவள் அதைப் பார்த்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள். விரலால் பூசணிக்காயின் சக்கரத்தைச் சுண்டினாள். அது ராஜா மாதிரி மெதுவாகச் சுற்றியது. மனசு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டது.

"பெருசுல என்ன குத்தம்?"

"கனமான சக்கரம்க்கா. அது சுத்த ஆரம்பிக்கவே எஞ்சின் வேகமா ஓடணும். வளைவுல நீங்க மெதுவாத் திரும்புவீங்க. சரியா அந்த நேரத்துல இது தூங்கிக்கிட்டு இருக்கும். அதோட உங்க எஞ்சினுக்கு வயசாயிடுச்சு. அழுத்தம் தாங்காது."

"ஓட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றான் கொழுந்தன்.

அதே மாடல் காரில் அதே மாதிரி பெரிய டர்போ மாட்டியிருந்தவர் ஊரில் ஒருவர் இருந்தார். பேக்கரிக்காரர், அவரும் அவளிடம் திட்டு வாங்கியவர். அந்த அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு எஞ்சினைப் பலப்படுத்தி வைத்திருந்தார். சாவியைக் கேட்டதும், இத்தனை காலம் கழித்து அக்காவை ஓரத்தில் உட்கார வைக்கும் வாய்ப்பு என்று குஷியாகிவிட்டார். ஆனால் அக்கா ஓரத்தில் உட்காருவாளா? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே நேரான சாலை. அவள் எப்படிச் சொல்லிக்கொடுப்பாளோ அப்படியே ஓட்டினாள்: காலால் தடவுவது போல் ஆக்ஸிலேட்டர், அவசரமில்லாமல் அடுத்த கியர். வண்டி அவளுடைய பழைய வண்டியைவிடச் சோம்பலாகப் போனது.

"மிதிங்கக்கா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர்.

மிதித்தாள். ஒன்றுமில்லை.

"இன்னும் மிதிங்க. கியர் மாத்தாதீங்க!"

ஆயுளில் முதல்முறையாகக் கியரை மாற்றாமல் மிதித்தாள். எஞ்சின் கதறியது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் யாரோ முதுகில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளியது போல் வண்டி பாய்ந்தது. சீட்டில் புதைந்தாள். மரங்கள் ஓடின. "ஐயோ அம்மா!" என்று அலறினாள், அலறல் பாதியில் சிரிப்பானது, சிரிப்பு நிற்கவே இல்லை. பின் சீட்டில் பேக்கரிக்காரரின் ரொட்டித் தட்டுகள் தாளம் போட்டன. நிறுத்தி இறங்கியபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது.

"எனக்கு இதுதான் வேணும்," என்றாள்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பாடம் படிக்க வந்தவர்களிடமெல்லாம் ஓட்டுக் கேட்டாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாத ஒரு பல் டாக்டர் பெரிய டர்போவுக்கு வாக்களித்தார். மெக்கானிக்குக்குப் போன் செய்து பெரியதை மாட்டச் சொன்னாள். அரைமணியில் வேண்டாம் என்றாள். மறுபடி போன் செய்து மாட்டு என்றாள். கடைசியில் அவன் போனையே எடுக்கவில்லை. ஆசை பெரியதின் மேல், வாசல் அந்த வளைவுக்கு மேலே. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாமல் தவித்தாள்.

"குழம்பிக்கிட்டே இருக்காத," என்றார் கணவர். "அந்தப் பேக்கரி வண்டியிலேயே எல்லாரும் ஏறி, ஒரு தடவை அந்த வளைவுக்குப் போய்ப் பாத்துடலாம். ஏறினா வாங்கு."

எடை போடுகிறவர் பேச்சு. மறுக்க முடியவில்லை. பிறந்தநாளுக்கு முந்தின வார ஞாயிறு சாயங்காலம், பேக்கரி வண்டியை இரவல் வாங்கி நால்வரும் ஏறினார்கள். சம்பந்தி வீட்டுக்கு எப்போதும் போகிற நேரம் அதுதான். ரொட்டி வாசனையில் கொழுந்தனுக்கு வழியெல்லாம் பசித்தது. குன்றின் முதல் திருப்பங்களில் வண்டி ஜோராக ஏறியது. அவள் பாடவே ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி வந்தது. வேகத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து, வளைவைத் திருப்பினாள். டர்போ தூங்கப் போய்விட்டது. மிதித்தாள். கரும்புகை வந்ததே தவிர, இழுவை வரவில்லை. வண்டி மூச்சு வாங்கியது, இருமியது, அவளுடைய கார் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

நால்வரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். பால்கனியில் அந்த உருவம், சாயங்கால வெயிலுக்கு முன்னால் கறுப்பாக, அசையாமல்.

"குனிங்க!" என்றாள் அவள்.

குனிந்தார்கள். கணவர் டாஷ்போர்டுக்குக் கீழே போக முடிந்த அளவு போனார். ஓரகத்தி கொழுந்தனின் மடியில் விழுந்தாள். ஹாஃப் கிளட்ச் அக்கா ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்தாள். அவள் நெற்றி ஹாரனின்மேல் பட்டு, தெருவே அதிரும்படி "பாம்ம்ம்" என்று ஒலித்தது. எடுத்தால் தலை தெரியும், எடுக்காவிட்டால் ஹாரன் நிற்காது. பின் சீட்டில் ஓரகத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து விக்க ஆரம்பித்தாள். தலை தெரியாமல் ரிவர்ஸில் மலை இறங்குவது எப்படி என்று எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் அவள் இறங்கினாள்.

"நம்மளைப் பாத்திருப்பாங்களா?" என்றாள் கீழே வந்ததும்.

"வேற வண்டி அண்ணி. யாருன்னு தெரியாது," என்றான் கொழுந்தன், ஏதோ ஒரு ரொட்டியை மென்றுகொண்டே.

அன்றைக்கே மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டி, நடுவில் இருந்ததை மாட்டச் சொன்னாள். பெரியதை விட்டுக்கொடுத்தபோது வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு வேண்டியது பறப்பதல்ல, வாசல்.

மெக்கானிக் டர்போவை மாட்டி, ஆயில் குழாயைப் புதிதாகப் போட்டு, டீசல் பம்பையும் கொஞ்சம் திருத்தி வைத்தான். ஓட்டிப் பார்த்ததில் முதுகில் தள்ளெல்லாம் இல்லை. ஆனால் காலால் லேசாகத் தடவியதும் வண்டி "இதோ" என்று வந்தது. அவள் கால் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு செய்தது போல் இருந்தது.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்கக்கா. மலை ஏறி நின்ன உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது. டர்போ கொதிச்சுக்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு ஆற வெச்சுட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்பணும்."

பிறந்தநாள் சாயங்காலம் எல்லோரும் ஏறினார்கள். கூரைமேல் குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் பார்த்தது. முதல் திருப்பம், இரண்டாவது, மூன்றாவது. தண்ணீர்த் தொட்டி வந்தது. வேகத்தைக் குறைத்தாள், கியரைக் குறைத்தாள், திருப்பினாள். டர்போ மெல்லிசாக ஒரு சீட்டி அடித்தது. வண்டி நிற்கவில்லை. அவர்கள் இறங்கி நிற்கும் இடம் ஜன்னலுக்கு வெளியே வந்தது, போனது, பின்னால் விழுந்தது. "ஏறுது! ஏறுது! ஏறுது!" என்று ஓரகத்தி கணவனின் தோளில் அடித்தாள். எடைமேடைக்காரர், வாழ்க்கையில் சத்தம் போட்டறியாதவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊளையிட்டார். சம்பந்தி வீட்டு இரும்புக் கேட்டுக்கு நேர் எதிரே, ஒரு முழம் தள்ளாமல், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சாவியைத் தொடாமல் காத்திருந்தாள்.

கேட் திறந்தது. சம்பந்தியம்மா வந்தாள். அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு மாறியிருந்தது. உதடு நடுங்கியது.

"எஞ்சினைக்கூட அணைக்க மாட்டீங்களா?"

"அது வந்துங்க சம்பந்தி..."

"பரிசை இறக்கி வெச்சுட்டு இப்படியே திரும்பிடலாம்னு வந்தீங்களா? பரவாயில்ல, இன்னிக்காவது வாசல் வரைக்கும் வந்தீங்களே."

காருக்குள் சிரிப்பு செத்துவிட்டது. ஹாஃப் கிளட்ச் அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். "இல்லீங்க, டர்போ ஆறணும்," என்றாள். அவள் காதுக்கே அது கேவலமான சாக்காகக் கேட்டது.

"கேக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா இருந்தேன்," என்றாள் சம்பந்தியம்மா. "எங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தறதுல உங்களுக்கு என்ன குறைச்சல்? ஒவ்வொரு தடவையும் அந்த வளைவுலயே நிறுத்திடறீங்க. எறங்கிக் கூட்டமா நின்னுக்கிட்டு மேல பாத்துப் பாத்துப் பேசறீங்க. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நடந்து வரீங்க. நான் அங்க நின்னு கையை ஆட்டுவேன். ஒருத்தர் திருப்பி ஆட்டினது கிடையாது. போன வாரம் யாரோ வண்டியில வந்து, என்னைப் பாத்ததும் குனிஞ்சு ஒளிஞ்சு, ஹாரனை வேற அடிச்சுட்டுத் திரும்பிப் போனீங்க. அன்னிக்கும் கையை ஆட்டினேன். உங்களுக்கு இங்க வரவே பிடிக்கலதானே? சொல்லிடுங்க."

கேட்டுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் நின்றாள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கண்ணாலேயே கேட்டாள். உடம்புக்கு நல்லது, நிழல் என்று இத்தனை வருஷம் அடுக்கிய பொய்களில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

"வண்டி ஏறலைங்க," என்றாள்.

"என்னது?"

"வண்டி ஏறலைங்க சம்பந்தி! அந்த வளைவுல நின்னுடும். தள்ளினாலும் நகராது. ஊருக்கெல்லாம் மேடு ஏறச் சொல்லிக்குடுக்கறவ, என் வண்டி மேடு ஏறலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? வெக்கமா இருந்துச்சு. அங்க நின்னு நாங்க பேசினது உங்களைப் பத்தி இல்லீங்க. வண்டியைத்தான் திட்டினோம். போன வாரம் வந்தது டர்போ பாக்க. அதுவும் ஏறல. அதான் ஒளிஞ்சோம்."

சம்பந்தியம்மா அவளைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கூரைமேல் இருந்த குதிரையைப் பார்த்தாள்.

"வண்டியா?" என்றாள். "வெறும் வண்டியா?" அவள் கன்னம் உப்பியது. கேட்டைப் பிடித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் இத்தனை காலம் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது போல, வளைந்து குலுங்கிச் சிரித்தாள். காருக்குள் இருந்தவர்களுக்கு அதைப் பார்த்து மறுபடி பற்றிக்கொண்டது. குழந்தைகூட என்னவென்று தெரியாமல் கை தட்டியது.

"நீங்க எங்களைப் பாத்து மனசுக்குள்ள சிரிக்கிறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் ஹாஃப் கிளட்ச் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கையை ஆட்டினதைப் பாக்கவே இல்லீங்க. சத்தியமா."

"அதெப்படித் தெரியாமப் போகும்? ரெண்டு கையையும் ஆட்டுவேனே."

"வாங்க, காட்டறேன். ஏறுங்க."

மற்றவர்கள் இறங்கினார்கள். சம்பந்தியம்மா முன் சீட்டில் ஏறி, கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹாஃப் கிளட்ச் அக்கா வளைவுக்குக் கீழே இறங்கி, வண்டியைத் திருப்பி, மறுபடி மேல்நோக்கி வந்து, அவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். சம்பந்தியம்மா இறங்கி, தொட்டிச் சுவரை ஒட்டி நின்று, தன் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பால்கனிக்குப் பின்னால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பி தெரிந்தது, ஏதோ கறுப்பாக ஒன்று நிற்பது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு நிக்கறா அங்க? உங்க பொண்ணா?"

"தெரியலைங்க."

"கையை ஆட்டறாளா?"

"தெரியலைங்களே."

சம்பந்தியம்மா மெதுவாக வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறகு இரண்டு பேரும், மேலே இருப்பது யாரென்று தெரியாமலேயே, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள்.